பழைய தமிழ் காமிக்ஸும் ஆக்‌ஷன் பொம்மைகளும்: தேடி வாங்குவது முதல் காப்பது வரை முழுமையான வழிகாட்டி

1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது, ஐம்பது வருடம் கழித்தும் ஒருவர் அதைத் தேடி அலைவார் என்று யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். மலிவான தாள், இரும்பு ஸ்டேப்ளர் பின், மெல்லிய அட்டை. படித்ததும் நண்பனுக்குப் போகும், அங்கிருந்து வாடகை நூலகத்துக்குப் போகும், கடைசியில் எடைக்குப் போகும். அதனால் இந்தத் துறையில் ஒரு இதழின் அருமை, எத்தனை பிரதி அச்சானது என்பதில் இல்லை. எத்தனை பிரதி முழுசாகப் பிழைத்தது என்பதில்தான் இருக்கிறது. கீழே சொல்லப்போகும் எல்லாச் சோதனைகளும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்: கையில் இருப்பது முழுசா?

முதலில் எல்லையைப் போட்டுக்கொள்ளுங்கள்

'பழைய காமிக்ஸ் எல்லாம்' என்று தொடங்குபவர்களிடம் ஒரு வருடத்தில் சேர்வது குவியல். ஒரு வரிசையைத் தேர்ந்தெடுங்கள். சுருக்கமான வரைபடம் இது:

முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி', 1972. லயன் காமிக்ஸ் 1984 ஜூலையில் மாடஸ்டி பிளைசி கதையோடு தொடங்கியது. அதே 1984 ஜூலையில் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ், ஜேம்ஸ் பாண்ட் கதையோடு. ராணி 2005 வரை வந்தது. லயனின் கூடப்பிறந்தவர்கள் திகில், மினி லயன், ஜூனியர் லயன். இவை மூன்றும் 80களின் பிற்பாதியில் வந்து குறுகிய காலமே ஓடியவை. டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் இந்திரஜால் காமிக்ஸ் 1964ல் வேதாளர் (ஃபேன்டம்) கதையோடு ஆங்கிலத்தில் தொடங்கி 1990ல் நின்றது. தமிழிலும் சில காலம் வந்தது. லயனும் முத்துவும் இன்றும் வருகின்றன. இடையில் தளர்ந்திருந்த லயன், 2012 ஜனவரியில் 100 ரூபாய் விலையில் வந்த 'கம்பேக் ஸ்பெஷல்' மூலம் திரும்பியது. அதற்குப் பிந்தைய ஆர்ட் பேப்பர் இதழ்கள் வேறு வகை. அவற்றைப் பராமரிப்பது எளிது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ராணிதான் சரியான பள்ளிக்கூடம். சுமார் இருபது வருடம் விடாமல் வந்ததால் இன்றும் நடைபாதைக் கடைகளில் கண்ணில் படும். விலையும் கையைக் கடிக்காது. தாளையும் பின்னையும் அட்டையையும் பார்த்துப் பழக, கெட்டாலும் அழவேண்டாத இதழ்கள் தேவை. 70களின் முத்துவை முதல் மாதமே வாங்க ஓடாதீர்கள்.

ஒரு குழப்பத்தை இப்போதே தீர்த்துக்கொள்வது நல்லது. விற்பவர்கள் 'மாயாவி காமிக்ஸ் இருக்கு' என்பார்கள். முத்துவில் வந்த இரும்புக்கை மாயாவி, பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் 1962ல் தொடங்கிய கதை. ராணியில் வந்த 'முகமூடி வீரர் மாயாவி' அமெரிக்க ஃபேன்டம். மற்ற பதிப்பகங்களில் அவரே வேதாளர். இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எந்தப் பதிப்பகம், எந்த எண் என்று கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

எங்கே தேடுவது

சென்னையில் திருவல்லிக்கேணி பாரதி சாலை (பழைய பைகிராஃப்ட்ஸ் ரோடு) நடைபாதை, சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் வளாகம். கோவையில் உக்கடம் பழைய புத்தகக் கடைகள். திருச்சியில் மெயின்கார்டு கேட் பகுதி. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, ஆகஸ்ட் வாக்கில் ஈரோடு புத்தகத் திருவிழா. பதிப்பகத்தின் அரங்கிலேயே சில சமயம் பழைய இருப்பு கிடைக்கும். அது பெரும்பாலும் யாரும் புரட்டாத பிரதி, ஆகவே முதலில் அங்கே பாருங்கள்.

பழைய புத்தகக் கடைக்காரரிடம் 'காமிக்ஸ் இருக்கா' என்று கேட்டால் 'இல்லை' என்றே பதில் வரும். ஒரு குறிப்பிட்ட இதழைப் பெயர் சொல்லிக் கேட்டால் விலை ஏறும். கட்டுகளை நீங்களே குனிந்து புரட்டுங்கள். சிறுவர் பத்திரிகை, பழைய பாக்கெட் நாவல், பள்ளிக் கைடு இவற்றின் நடுவில்தான் செருகியிருக்கும். உங்கள் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு வீட்டைக் காலி செய்யும்போது வரும் மூட்டையில்தான் நல்ல சரக்கு இருக்கும். அது கடைக்கு வந்த நாளே போய்விடும். ஊர்ப்பக்கம் மூடப்பட்ட வாடகை நூலகங்களின் சொந்தக்காரர்களும் நல்ல வாசல்தான், ஆனால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் பைண்டிங் செய்ததும் முத்திரை குத்தியதுமாகவே இருக்கும்.

கடையில் நின்றபடியே செய்யும் சோதனை

பையில் இருக்கவேண்டியவை: 10 மடங்கு உருப்பெருக்கும் சிறிய லென்ஸ், கைபேசி டார்ச், 15 செ.மீ. ஸ்கேல், சில பிளாஸ்டிக் கவர்கள். சோதனை இந்த வரிசையில் போகட்டும், ஏனென்றால் முதல் இரண்டிலேயே பாதிப் பிரதிகள் விழுந்துவிடும்.

பக்கங்களை எண்ணுங்கள். அச்சிட்ட பக்க எண்ணை நம்பாமல் தாளைத் தொட்டு எண்ணுங்கள். நடுவில் பின் அடித்த புத்தகத்தில் ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம். ஆகவே அட்டையை விட்டு எண்ணும்போது மொத்தம் நான்கால் வகுபட வேண்டும். 62 வந்தால் எங்கோ ஓர் இலை கிழிந்திருக்கிறது. அப்படிக் கிழிந்த இடத்துக்கு எதிர்ப்பக்கத்து இலை பின்னில் நிற்காமல் தொளதொளக்கும். மெல்ல இழுத்தால் வந்துவிடும். முழுத்தாளே போயிருந்தால் 60 வரும், அது நான்கால் வகுபடும், கணக்கு உங்களை ஏமாற்றும். அதனால் நடுப்பக்கத்தைத் திறந்து கதை தொடர்கிறதா என்று படித்துப் பாருங்கள். பின் துருப்பிடித்ததும் முதலில் கழன்று விழுவது நடுத்தாள்தான்.

அட்டை நான்கு பக்கமும் இருக்கிறதா? முன்னட்டை மட்டும் ஒட்டவைத்து, பின்னட்டை இல்லாமல் வரும் பிரதிகள் அதிகம். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் மடிப்புக் கோடும் பேனா அழுத்தமும் தெரியும்.

வெட்டிய துண்டுகள். போட்டிக் கூப்பன், நிரப்பிய குறுக்கெழுத்து, வண்ணம் தீட்டிய பக்கம். கூப்பனுக்குப் பின்பக்கம் கதைச் சட்டகம் இருக்கும், அதுவும் சேர்ந்து போயிருக்கும்.

முத்திரையும் எழுத்தும். வாடகை நூலக முத்திரை, பெயர், பள்ளி, வகுப்பு. முதல் பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்து இருந்தால் ஒதுக்கவேண்டாம். அதை அழிக்க முயன்ற தடயம் இருந்தால் ஒதுக்குங்கள். அழிரப்பர் தேய்த்த இடத்தில் தாள் பஞ்சாகியிருக்கும்.

தாளின் உயிர். கடைசிப் பக்கத்தின் ஓர மூலையை ஒரே ஒரு முறை மிக மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைந்தால் சரி. மொறுமொறுவென்று ஒடிந்தால் அந்தப் பிரதிக்கு அதிக ஆயுள் இல்லை. மலிவுத் தாளில் மரக்கூழின் லிக்னின் அப்படியே இருப்பதால் வெளிச்சமும் காற்றும் பட்டு அமிலமாகிறது. பழுப்பு நிறம் அழகுக் குறை மட்டும்தான், நொறுங்குவதுதான் நோய்.

மோந்து பாருங்கள். பழைய தாளின் மணம் வேறு, பூஞ்சையின் நெடி வேறு. ஓரங்களில் சாம்பல் அல்லது பச்சைப் பொடி இருந்தால், எவ்வளவு அரிதானாலும் தனிக் கவரில் போட்டுத்தான் பைக்குள் வைக்கவேண்டும்.

பைண்டிங் தொகுதிகள் தனிக்கதை. பத்துப் பன்னிரண்டு இதழை ஒன்றாகத் தைத்து, மூன்று பக்கமும் கத்தியில் வெட்டியிருப்பார்கள். ஓரத்தில் சில மில்லிமீட்டர் போயிருக்கும், சில இடங்களில் எழுத்தே நறுக்குப்பட்டிருக்கும். பெரும்பாலும் அட்டைகளைக் கழற்றிவிட்டுத்தான் தைத்திருப்பார்கள். அட்டைகள் உள்ளே இருந்தால் வாங்கலாம். அட்டையில்லாத தொகுதி படிக்க உதவும், சேகரிப்பில் இடம் பிடிக்காது. வாங்கிய தொகுதியைப் பிரித்துத் தனித்தனி இதழாக்கும் ஆசை வேண்டாம். முதுகில் பூசிய வஜ்ஜிரப் பசை தாளைக் கூடவே இழுத்துக்கொண்டு வரும், மிஞ்சுவது ஓட்டை விழுந்த தாள்கள்.

முதல் பதிப்பா, மறுபதிப்பா, கலர் ஜெராக்ஸா

இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், லாரன்ஸ்-டேவிட் ஆகிய நாயகர்களின் கதைகள் பலமுறை மறுபதிப்பானவை. 'காமிக்ஸ் கிளாசிக்ஸ்' என்ற தனி வரிசையே அதற்காக வந்தது. மறுபதிப்பு கெட்ட வார்த்தை இல்லை, முதல் பதிப்பு விலைக்கு விற்றால்தான் தப்பு. பார்க்கவேண்டியவை மூன்று: அட்டையிலுள்ள விலை, உள்ளே அச்சிட்ட வெளியீட்டு எண், கடைசிப் பக்கங்களிலுள்ள விளம்பரம். 'அடுத்த வெளியீடு' விளம்பரமும் ஆசிரியர் வாசகர்களோடு பேசும் ஹாட்-லைன் பகுதியும் காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். மாதம் போடாத இதழுக்குக்கூட அடுத்த இதழ் எது என்று தெரிந்தால் வரிசையில் இடம் கிடைத்துவிடும்.

போலி பெரும்பாலும் முழுப் புத்தகமாக வராது, அட்டையாக வரும். உள்ளே அசல், மேலே கலர் ஜெராக்ஸ். லென்ஸில் பாருங்கள். ஆஃப்செட் அச்சில் நிறம், வரிசையான புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். லேசர் ஜெராக்ஸில் பொடி தூவிய மாதிரி ஒழுங்கில்லாத துகள்கள், கறுப்புப் பகுதியில் மெழுகுப் பளபளப்பு, மடித்த இடத்தில் பொடி உதிர்ந்து வெள்ளைக் கோடு. பழைய அட்டையின் புள்ளிகளையும் சேர்த்துப் பிரதியெடுத்திருந்தால் இரண்டு அடையாளமும் ஒன்றாகத் தெரியும். அப்போது பளபளப்பைத்தான் நம்பவேண்டும். பின் அடித்த இடத்தையும் பாருங்கள். அட்டையில் துருக்கறை இல்லாமல் அதற்கு அடுத்த தாளில் மட்டும் இருந்தால், அட்டை பிறகு வந்தது.

விலை பேசுவது

அமெரிக்கக் காமிக்ஸுக்கு 10 வரை மதிப்பெண் அளவுகோலும், பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரச்சான்று தரும் நிறுவனங்களும் உண்டு. தமிழ் காமிக்ஸ் பெரும்பாலும் அதற்கு வெளியேதான் கைமாறுகிறது. நாலு படி போதும்: முழுசு-நல்ல நிலை, முழுசு-தேய்ந்தது, குறையுள்ளது (அட்டை அல்லது பக்கம் இல்லை), படிப்பதற்கு மட்டும். விற்பவர் 'சூப்பர் கண்டிஷன்' என்றால் இந்த நாலில் எது என்று கேளுங்கள்.

இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை சந்தை விலை ஆகாது. அதே இதழ் உண்மையில் கைமாறிய விலை இரண்டு மூன்றைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். முன் அட்டை, பின் அட்டை, முதல் பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம், பின் இருக்கும் இடம் என ஆறு படம் கேளுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். மறுபதிப்பு அறிவிப்பு வந்ததும் பழைய பிரதியின் விலை சரியும், சில மாதத்தில் ஓரளவு மீளும். கதையைப் படிக்க மட்டும் ஆசைப்பட்டவர்கள் அப்போது விலகிவிடுவார்கள். வாங்க நினைப்பவர்களுக்கு அந்த இடைவெளிதான் நேரம். மொத்தக் கட்டு விலையில் வரும்போது, உங்களுக்கு வேண்டிய இதழ்களை மட்டும் கூட்டிப் பாருங்கள். மிச்சம் உங்கள் அலமாரியில் தூங்கப்போகும் காகிதம்தான்.

வீட்டுக்கு வந்ததும்

புது வரவை நேராக அலமாரியில் வைத்தால், ஒரு ராமபாணப் பூச்சி மொத்தச் சேகரிப்புக்கும் விருந்தாளியாகிவிடும். இரண்டு வாரம் தனி அறையில், தனிக் கவரில் இருக்கட்டும். கவருக்கு அடியில் வெள்ளைத்தாள் வையுங்கள். அதில் பொடியோ பூச்சியோ விழுந்தால் உறைகுளிர் முறைக்குப் போகவேண்டும்.

புத்தகத்தை ஜிப் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, அதை இன்னொரு கவரில் போட்டு, மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்கும் கீழே போகும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பிரிக்கக்கூடாது. 24 மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரவிட்ட பிறகே கவரைத் திறக்கவேண்டும். அவசரப்பட்டால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த தாள்மேல் வேர்த்துக்கொள்ளும். இது பூச்சிக்கும் முட்டைக்கும்தான் மருந்து. பூஞ்சை இதில் தூங்கும், சாகாது. பொம்மைகளை ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

பூஞ்சைக்கு: மாஸ்க் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான நிழலில் உலரவிட்டு, மென்மையான ஒரு அங்குலப் பிரஷ்ஷால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். ஈரத்துணி கூடாது. வெயிலில் காயவைப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். ஒரே நாளில் ஓரங்கள் பழுத்துவிடும். நெடி மட்டும் என்றால், மூடிய பெட்டியின் அடியில் ஒரு கிண்ணம் சமையல் சோடா, மேலே வலைத்தட்டில் புத்தகம், ஒரு வாரம்.

துருப்பிடித்த பின்னைக் கழற்றுதல்

பின்னை இழுத்து எடுப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. துரு தாளோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் தாளும் வரும். புத்தகத்தை நடுப்பக்கத்தில் விரித்து, பின்னின் இரு காலுக்கும் அடியில் தடித்த பிளாஸ்டிக் துண்டைச் செருகுங்கள் (பழைய ஏடிஎம் அட்டையை வெட்டினால் போதும்). அதன்மேல் வைத்து, மெல்லிய தட்டைக் கத்தி முனையால் ஒவ்வொரு காலையும் நேராக நிமிர்த்துங்கள். ஒடிந்தால் நல்லதே. பிறகு வெளிப்பக்கத்திலிருந்து நேராக, ஆட்டாமல் எடுங்கள். ஓட்டையைச் சுற்றியுள்ள துருப்பொடியைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள்.

திரும்பச் சேர்க்கப் புதுப் பின் அடிக்கவேண்டாம். அது புது ஓட்டை. வெளுக்காத பருத்தி நூலைப் பழைய ஓட்டைகளிலேயே கோத்து, உள்ளே தளர்வாக முடிச்சுப் போடுங்கள். இறுக்கினால் ஓட்டை கிழிந்து நீளும். வெளித்தாள் நொறுங்கும் நிலையில் இருந்தால் நூலும் வேண்டாம், கவருக்குள் தளர்வாகவே இருக்கட்டும்.

கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும், அந்தக் கறை போகாது. மெல்லிய ஜப்பானியக் காகிதத்தையும் மீத்தைல் செல்லுலோஸ் பசையையும் இணையத்தில் வாங்கலாம். நம் பைண்டர்கள் காய்ச்சும் மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அதிலுள்ள செம்பு தாளை இன்னும் வேகமாக அரிக்கும். வீட்டில் காய்ச்சினாலும் அதைச் சேர்க்காதீர்கள். அட்டைக்கு லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகிய பிளாஸ்டிக்கைப் பிறகு எந்தக் கைவினைஞராலும் பிரிக்க முடியாது, விலையும் பாதியாகும். 'பத்திரமாக இருக்கட்டும்' என்று செய்த லேமினேஷனால் கெட்ட அட்டைகள், கரையான் தின்றதற்குக் குறைவில்லை.

கவர், பெட்டி, ஈரம்

ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் தடிமனான, வாசனையடிக்கும் கவர் பெரும்பாலும் பிவிசி. அதிலுள்ள நெகிழ்ப்பான் (பிளாஸ்டிக்கை இளக்கமாக வைக்கும் பொருள்) கசிந்து அச்சு மையை இழுத்துக்கொள்ளும்; அட்டைப் படம் கவரில் ஒட்டிக்கொண்டு வருவது அதனால்தான். சட்டைக் கடைகளில் போட்டுத்தரும் சலசலக்கும் பாலிப்ரோப்பிலீன் கவர் போதும். சந்தேகம் இருந்தால் செப்புக் கம்பியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, கவரின் ஒரு துண்டைத் தொட்டு, மீண்டும் தீயில் காட்டுங்கள். பச்சைச் சுடர் வந்தால் குளோரின் உண்டு, அது பிவிசி. கதவு ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், புகை நல்லதல்ல. ஒட்டும் மடிப்புள்ள கவராக இருந்தால் மடிப்பை வெட்டிவிடுங்கள். புத்தகத்தை வெளியே எடுக்கும்போது அந்தப் பசை அட்டையைக் கவ்வும்.

முதுகுத் தாங்கலுக்குச் சாம்பல் நிறப் பின்பக்கமுள்ள டூப்ளெக்ஸ் அட்டை வேண்டாம், அதில் அமிலம் உண்டு. அமிலமில்லாதது என்று அச்சிட்ட ஏ4 தாள் நாலைந்தைப் புத்தக அளவுக்கு வெட்டிப் பின்னால் வைத்தால் போதும்.

பெட்டியில் நிறுத்திவைப்பதானால் சாயாத அளவுக்கு நிரப்பி, கை நுழைய ஒரு விரல்கடை இடம் விடுங்கள். படுக்கவைப்பதானால் 15 செ.மீ. உயரத்துக்கு மேல் அடுக்காதீர்கள். வெளிச்சுவரை ஒட்டிய பரண், சமையலறைக்கு மேல் லாஃப்ட் இரண்டும் ஆகாது. தரையிலிருந்து ஓர் அடியாவது மேலே இருக்கட்டும். சென்னைக்காரர்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

கடலோர ஊர்களில் வருடத்தில் பாதி நாள் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். உள்ளே 45 முதல் 55 இருந்தால் நல்லது; 65ஐத் தாண்டி நின்றால் பூஞ்சை. ரப்பர் விளிம்புள்ள மூடிப் பெட்டி வாங்கி, 10 லிட்டருக்குச் சுமார் 200 கிராம் சிலிகா ஜெல்லைத் துணிப்பையில் போட்டு, சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் வையுங்கள். 40க்குக் கீழே போனால் ஜெல்லைக் குறையுங்கள், வறண்ட தாளும் ஒடியும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருப்பதால் ஆரஞ்சு நிறத்ததை வாங்குங்கள். நிறம் மாறியதும் பையிலிருந்து கொட்டி, 110–120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி உயிர்பெறும். நாஃப்தலீன் உருண்டையைக் காமிக்ஸ் பெட்டியில் போடாதீர்கள். பொம்மைப் பெட்டியில் போட்டால் சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கியே விடும்.

பொம்மைகள்: ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோவை எடுத்துக்கொள்வோம்

1987ல் எம்.ஆர்.எஃப்., அமெரிக்க ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து தொடங்கிய ஃபன்ஸ்கூல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. அது இந்தியாவில் தயாரித்த 3¾ அங்குல ஜி.ஐ. ஜோ வீரர்கள் இன்று உலகச் சந்தையில் தனிப் பிரிவு. காரணம் நிறம். அமெரிக்கப் பதிப்பில் இல்லாத நிறச் சேர்க்கைகள் இந்தியப் பதிப்பில் வந்தன. ஆகவே நம் ஊர்ப் பரணில் கிடக்கும் 'நிறம் தப்பான' பொம்மை தப்பாக இல்லாமல் இருக்கலாம். துடைத்தோ பெயின்ட் அடித்தோ கெடுத்துவிடாதீர்கள்.

வாங்கும்போது உடையும் இடங்களைப் பாருங்கள்: கட்டைவிரல், முழங்கை, தொடைகள் சேரும் இடுப்புத் துண்டின் நடுப்பகுதி. கையில் துப்பாக்கி இருந்தால் கட்டைவிரல் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளுப்பு என்றால் விரிசல் தொடங்கிவிட்டது. துப்பாக்கியை மாட்டும்போது பொம்மையின் கையைச் சூடு பொறுக்கும் வெந்நீரில் அரை நிமிடம் முக்கி எடுத்தால் பிளாஸ்டிக் இளகும். அலமாரியில் வைக்கும்போது ஆயுதத்தைக் கழற்றி அதே கவரில் தனியாகப் போடுங்கள். அட்டையில் ஒட்டிய பிரிக்காத பொம்மை என்றால், பிளாஸ்டிக் குமிழின் விளிம்பை டார்ச்சில் சுற்றிப் பாருங்கள். திரும்ப ஒட்டியதில் பசை வழிந்த கோடோ, அட்டையின் மேல்தோல் உரிந்த திட்டோ இருக்கும்.

இந்தப் பொம்மைகளில் மிகவும் சாதாரணமான நோய், இடுப்பு தளர்ந்து கால்கள் கழன்று விழுவது. உள்ளே உடம்பையும் காலையும் பிடித்திருப்பது ஒரு சிறிய ரப்பர் வளையம். முப்பது வருடத்தில் அது காய்ந்து அறுந்துவிடும். பலர் 'உடைந்த பொம்மை' என்று மலிவாக விற்பது இதைத்தான்.

சரிசெய்யும் முறை: முதுகிலுள்ள ஒரே திருகுக்குச் சரியாகப் பொருந்தும் சிறிய ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் எடுங்கள். சிறியது போட்டால் திருகின் தலை வழுக்கி மொட்டையாகும். அசையாவிட்டால் ஹேர் டிரையரால் அரை நிமிடம் சூடுகாட்டி, அழுத்தியபடி மெல்லத் திருப்புங்கள். ஒரு தட்டுக்குள் வைத்துப் பிரியுங்கள். கைகளும் தலையும் தனித்தனியாக விழும். பழைய வளையம் கறுப்புப் பிசினாகி ஒட்டியிருந்தால் பல்குத்தும் குச்சியால் சுரண்டுங்கள், தின்னர் வேண்டாம். புது வளையத்தைக் கால்களைச் சேர்த்திருக்கும் உலோகக் கொக்கியில் மாட்டி, இடுப்புத் துண்டின் வழியே மேலே இழுங்கள். நூல் ஒன்றைக் கோத்து இழுத்தால் சுலபம். மேல்முனையை, நெஞ்சுக்குள் திருகு இறங்கும் குழலில் மாட்டுங்கள். தலை, கைகளை அவற்றின் குழியில் உட்காரவைத்து மூடி, திருகு நின்றதும் நிறுத்துங்கள். அதற்குமேல் கால் சுற்று திருப்பினாலும் பிளாஸ்டிக் புரி தேய்ந்து திருகு சும்மா சுற்றும்.

வளையம் வாங்கும்போது நல்ல நிலையிலுள்ள பொம்மை ஒன்றின் வளையத்தைக் கழற்றி மாதிரியாகக் கொண்டுபோங்கள். பிளம்பிங் கடையில் கிடைப்பது சற்றே சிறிதானால்கூட இழுவை கூடி இடுப்புத் துண்டு ஒடியும். இந்தப் பொம்மைக்கென்றே விற்கும் வளையங்கள் இணையத்தில் உண்டு, அவைதான் பத்திரம்.

கழுவ வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பு, குழந்தைகளின் மென்மையான பல்துலக்கி. ஸ்டிக்கர் உள்ள வண்டிகளை முக்கவேண்டாம், துணியால் ஒற்றுங்கள். பெயின்ட் உரிந்த இடத்தில் தேய்க்கவேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவர் பிளாஸ்டிக்கையே கரைக்கும். ஒட்டும் பிசுபிசுப்பு கழுவிய பிறகும் திரும்ப வந்தால் அது அழுக்கு இல்லை, பிளாஸ்டிக்கின் நெகிழ்ப்பான் கசிகிறது. அந்தப் பொம்மையை மற்றவற்றோடு ஒட்டாமல், இறுக்கி மூடாத இடத்தில் தனியாக வையுங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளானதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெயிலில் வைக்கும் முறை பரவலாகச் சொல்லப்படுகிறது. பெயின்ட் உள்ள பொம்மையில் அது திட்டுத்திட்டாக வெளுக்கும், மஞ்சளும் திரும்ப வரும். அப்படியே விடுவதே மேல்.

பட்டியலும் பரிமாற்றமும்

ஒரு விரிதாள் போதும்: பதிப்பகம், எண், தலைப்பு, மாதம்-வருடம், அச்சிட்ட விலை, எண்ணிய பக்கம், குறைகள், வாங்கிய விலை, இருக்கும் பெட்டி எண். 'எண்ணிய பக்கம்' கட்டத்தை விடாதீர்கள். ஒரே இதழின் இரண்டு பிரதியில் வெவ்வேறு எண் வந்தால், எதில் குறை என்று அப்போதுதான் தெரியும். கைபேசியில் அதைத் திறந்தபடியே கடைக்குப் போனால் இருக்கும் இதழையே திரும்ப வாங்கும் செலவு மிச்சம்.

ஸ்கேன் எடுத்து வைப்பது உங்கள் பாதுகாப்புக்கு. அதை பிடிஎஃப்பாகப் பரப்புவது, இன்னும் வெளியீடு நடத்திக்கொண்டிருக்கும் பதிப்பகத்தின் மறுபதிப்பு வாய்ப்பில் கைவைப்பது. உரிமைச் சட்டமும் அதற்கு இடம் தராது.

இரட்டைப் பிரதிகளை விற்பதைவிட மாற்றிக்கொள்வது லாபம். இரு பக்கமும் பணத்தில் கணக்குப் பார்க்காமல் தேவையில் பார்ப்பதால் அரிய இதழ் அப்படித்தான் நகரும். அனுப்பும்போது: கவரிலிட்ட புத்தகத்தின் இரு பக்கமும், நான்கு ஓரத்திலும் 2 செ.மீ. பெரியதாக வெட்டிய நெளி அட்டை. ஒன்றின் நெளிக்கோடு நெடுக்காகவும் மற்றதன் கோடு குறுக்காகவும் இருந்தால் பார்சல் எந்தப் பக்கமும் மடங்காது. புத்தகம் நழுவாமலிருக்க, உள் அட்டையோடு காகிதப் பட்டையால் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் ஓரத்தை வெட்டும். மொத்தத்தையும் தண்ணீர் புகாத கவரில் ஒட்டி, அதற்கு மேல்தான் முகவரித் தாள். ஸ்பீட் போஸ்ட்டோ கூரியரோ எதுவானாலும், ஒட்டுவதற்கு முன் உள்ளிருப்பதைப் படம் பிடித்து வாங்குபவருக்கு அனுப்பிவிடுங்கள். பிரிக்கும்போது அவரும் வீடியோ எடுக்கட்டும்.